அறிக்கையில் இல்லாத விஷம்

தென்காசிப் பக்கம் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மருந்து. நெல்லுக்கும் பருத்திக்கும் அடிப்பதும் மருந்து. அதனால்தான் ‘மருந்தக் குடிச்சிட்டாம்’ என்று ஒருவர் ஓடி வந்து சொன்னால், எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை, வண்டியை எடுக்கிறார்கள். மூன்றாவது, மனசை மாற்றுவதற்காகச் சோற்றில் கலந்து கொடுத்ததாக நம்பப்படும் இடுமருந்து. ‘அவ மருந்து வச்சிட்டா’ என்று மாமியார் மருமகளைச் சொல்வதும், அந்த மருந்தை வயிற்றிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் காசு பார்ப்பதும் இன்னும் நின்றபாடில்லை.

சிகிச்சை, விஷம், சந்தேகம் மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கும் ஊரில், ஒருவர் திடீரென்று இறந்துபோனால் கூட்டத்தில் ஒரு குரல் தவறாமல் எழும்: ‘விசரா ரிப்போர்ட் வரட்டும், எல்லாம் தெரிஞ்சிரும்.’ விசரா என்பது பிணத்திலிருந்து ஆய்வுக்கு எடுக்கும் உள்ளுறுப்புகள். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டுத் தடய அறிவியல் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகள் இதை முதலில் படிக்க வேண்டும். அவர்களைவிட முக்கியமாக, அவர்கள் எழுதப்போகும் அறிக்கையைக் கையில் வாங்கப்போகிறவர்கள் படிக்க வேண்டும்.

அறிக்கையில் வழக்கமாக வரும் வாசகம் ‘விஷம் காணப்படவில்லை’ என்பது. படிப்பவர் மனசில் அது ‘விஷம் இல்லை’ என்று பதிகிறது. இரண்டும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கொலையாளிகள் தப்பியிருக்கிறார்கள். குற்றமற்றவர்கள் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் சென்னை மாகாணம் பழைய கை. 1849இலேயே ஒரு ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் இங்கே தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் பிறகுதான். மறு ஆண்டு, 1850இல், பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனரைப் புகையிலையிலிருந்து எடுத்த நிகோடினால் கொன்றார். செடியிலிருந்து வரும் விஷத்தை இறந்த உடலிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது என்று அன்றைய வல்லுநர்கள் நம்பியிருந்தார்கள். ழான் செர்வே ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் பிரித்துக் காட்டினார். பிரபுவின் தலை போனது. உறுப்புகளை அமிலம் சேர்த்த சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, காரமாக்கி, ஈத்தரில் இறக்கும் அவருடைய முறை, பிறகு ஓட்டோ செய்த திருத்தத்தோடு, இன்றும் நம் ஆய்வகங்களில் விசராவிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. நூற்றெழுபது ஆண்டுகள் ஓடியபின்னும் ஒரு சமையல் குறிப்பு இப்படி நிற்கிறது என்றால் அதன் அடிப்படை சரி என்று பொருள். ஆனால் ஒரு வடிகட்டியில் எது தங்கும், எது ஓடிவிடும் என்பதும் அந்த அடிப்படையிலேயே அடக்கம்.

குன்றிமணியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டான் எடைக்கல்லாக வைத்திருந்த சிவப்பும் கறுப்புமான அதே விதை. அதில் உள்ள ஆப்ரின் ஒரு புரதம். வெள்ளைக்காரர் காலத்தில் தோலுக்காக மாடுகளைக் கொல்ல இந்த விதையை அரைத்து ஊசியாக்கிக் குத்தியதாகப் பழைய மருத்துவச் சட்ட நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. ஸ்டாஸ் முறையில் புரதம் வராது. அழுகும் உடலில் அது தானும் சேர்ந்து அழிந்துவிடும். அதைத் தேட வேண்டுமானால் வேறு வழியில், அந்த விதையில் கூடவே இருக்கும் ஆப்ரைன் என்ற சிறு மூலக்கூறைச் சிறுநீரில் தேட வேண்டும். தேடச் சொல்லி யாராவது எழுதியிருந்தால்தான் தேடுவார்கள்.

எட்டிக் கதை நேர்மாறு. எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன் அழுகலுக்கு அசையாது. புதைத்து வெகுநாள் கழித்துத் தோண்டினாலும் கிடைக்கும். ஊமத்தையை அடையாளம் காண அந்தக் காலத்து ரசாயனப் பரிசோதகர்கள் கையாண்ட உத்தி இன்று கேட்டால் சிரிப்பு வரும்: உறுப்பிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு சொட்டைப் பூனையின் கண்ணில் விடுவார்கள். கண்மணி விரிந்தால் ஊமத்தை. பூனைக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சோதனை பொய் சொன்னதும் குறைவு.

இந்தச் செடிகள் எதுவும் எங்கோ கிடப்பவை அல்ல. குற்றாலத்து மலை மூலிகைக்குப் பெயர்போனது. கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்த இடம். 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் மருத்துவர் செடி சேகரித்த இடம். சீசனில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் வேர், பட்டை, எண்ணெய், பொடி விற்கிறார்கள். ‘இயற்கையானது, பக்க விளைவே கிடையாது’ என்பது அங்கே பொதுவான வாசகம். சித்த மருத்துவமே அப்படிச் சொன்னதில்லை என்பதுதான் வேடிக்கை. பிறவி 32, வைப்பு 32 என்று 64 பாஷாணங்களைக் கணக்கெடுத்து வைத்த மரபு அது. சேங்கொட்டையையும் எட்டியையும் ‘சுத்தி’ செய்யாமல் தொடக்கூடாது என்று விதித்த மரபு. அந்த மரபின் பெயரால் பொட்டலம் விற்பவர் சுத்தி செய்தாரா என்பது பொட்டலத்தில் எழுதியிருக்காது.

நம் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் இருக்கிறது. வயலில் பயிரிட்டு ஏற்றுமதி செய்யுமளவுக்கு அது மருந்துச் சரக்கு. கிழங்கைத் தவறிச் சாப்பிட்டவருக்கு முதலில் வருவது வாந்தியும் வயிற்றுப்போக்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் கெட்டுப்போன சாப்பாடு, இல்லையென்றால் காலரா. உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவது அதற்குப் பிறகு. ‘புட் பாய்சன்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், பிறகு ஆய்வகத்துக்குப் போகும் கடிதத்திலும் அதுதான் எழுதப்படும்.

அரளிதான் இதில் பெரிய பாடம். கோயில் பூவுக்காகவும் வேலிக்காகவும் வளர்க்கும் மஞ்சள் அரளியில் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரைக்கு அவை பங்காளி. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அரளி விஷச் சம்பவங்கள் ஒரு தொற்றுநோய் போலப் பரவிய கதையை இலங்கை மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மாற்று மருந்து உண்டு. டிஜாக்ஸினை எதிர்க்கும் உடற்காப்புப் புரதத்தைக் கொடுத்தால் துடிப்பு திரும்புகிறது என்று 2000இல் லான்செட் இதழில் ஆய்வு வெளிவந்தது. விலை தாங்கவில்லை. மருந்து இல்லாமல் போனபின் சாவு கூடியது என்று அதே இதழில் 2003இல் எழுத வேண்டியிருந்தது. மேற்கே மலையைத் தாண்டினால் கேரளத்துக் காயல் கரைகளில் அரளியைப் போலவே நஞ்சான ஒதள மரம் நிற்கிறது. 1989 முதல் 1999 வரை அந்த மாநிலத்தில் மட்டும் 500க்கும் மேற்பட்ட ஒதளச் சாவுகளை ஒரு பிரெஞ்சு–இந்தியக் குழு 2004இல் கணக்கெடுத்தது. திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவியால் தேடியதால் அவர்களால் உறுதி சொல்ல முடிந்தது. அந்தக் கருவி இல்லாத இடங்களில் கொலைகள் பல கண்ணில் படாமலே போயிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது.

மருத்துவமனை ஆய்வகத்தில் இதய நோயாளிகளுக்காகச் செய்யும் சாதாரண டிஜாக்ஸின் பரிசோதனை அரளிக்கும் ஓரளவு எதிர்வினை காட்டும். மாத்திரையே சாப்பிடாத ஒருவர் ரத்தத்தில் டிஜாக்ஸின் காட்டினால் அரளியைச் சந்தேகிக்கலாம். அளவை மட்டும் நம்பக்கூடாது. அந்தப் பரிசோதனை அளக்க வந்தது வேறு மூலக்கூறை. இவ்வளவு எளிய ஒரு சங்கதி. ஆனால் நள்ளிரவில் கொண்டுவந்தவர்கள் ‘என்ன சாப்பிட்டாம்னு தெரியல’ என்று சொன்னால் அதை எழுதிக் கேட்கப்போவது யார்?

விஷம் கிடைக்காமலே போனால் என்ன என்பதற்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. அனந்த் சிந்தாமன் லாகு வழக்கு. லாகு புனேயில் ஒரு மருத்துவர். சொத்துள்ள, சர்க்கரை நோயுள்ள ஒரு விதவை அவருடைய நோயாளி. 1956 நவம்பர் 12 இரவு அந்தப் பெண்ணோடு ரயிலேறினார். மறுநாள் காலை பம்பாயில் நினைவில்லாத நிலையில் அவரை மருத்துவமனையில் வேறு பெயரில் சேர்த்தார். அன்றே அவர் இறந்தார். உடல் யாரும் கேட்காத பிணமாகக் கிடந்து, பத்து நாள் கழித்துத்தான் அறுத்துப் பார்க்கப்பட்டது. ரசாயனப் பரிசோதகர் தேடினார். விஷம் எதுவும் கிடைக்கவில்லை. அதன்பின் லாகு என்ன செய்தார் என்று பார்த்தால், இறந்தவர் உயிரோடு இருப்பது போலக் கடிதங்கள் எழுதி அவர் சொத்தை எடுத்துக்கொண்டிருந்தார். 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் மரண தண்டனையை உறுதி செய்தது. எந்த விஷம் என்று கடைசிவரை தெரியவில்லை. விஷம் கிடைக்காததாலேயே கொலை இல்லை என்றாகாது. நடத்தையும் சந்தர்ப்பமும் வேறு வழியே விடவில்லை என்றது தீர்ப்பு. மூவரில் ஒரு நீதிபதி ஒப்பவில்லை. அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படிக்கச் சொல்வேன். ஏனென்றால் இன்னொரு விளிம்பு அங்கே தெரிகிறது.

அந்த விளிம்பில் விழுந்தவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு தாய். 1989இல் அவருடைய கைக்குழந்தை மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தது. ரத்தத்தில் எத்திலீன் கிளைக்கால், அதாவது கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவம், இருப்பதாக ஆய்வக அறிக்கை சொன்னது. குழந்தையை அரசு காப்பகத்துக்கு மாற்றியது. தாய் பார்க்கப் போய்ப் பாலூட்டினார்; குழந்தை மறுபடி மயங்கியது, இறந்தது. 1991இல் தாய்க்கு ஆயுள் தண்டனை. இதற்கு நடுவில், காவலில் இருந்தபோதே அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. அந்தக் குழந்தைக்கும் அதே அறிகுறிகள். தாய் தொடவே முடியாத குழந்தைக்கு யார் விஷம் கொடுத்திருக்க முடியும்? பரம்பரையாக வரும் மெத்தில்மலோனிக் அமில மிகை என்று நோய் தெரிந்தது. செயின்ட் லூயிஸில் இரண்டு உயிர்வேதியியலாளர்கள் முதல் குழந்தையின் ரத்த மாதிரியை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். நோயால் உடலில் சேர்ந்த புரோபியோனிக் அமிலத்தைத்தான் ஆய்வகம் கிளைக்கால் என்று படித்திருந்தது. அதே அமிலம் கலந்த மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். சில அப்போதும் கிளைக்கால் என்றே எழுதி அனுப்பின. தண்டனை விதித்த அதே ஆண்டில் வழக்கு கைவிடப்பட்டது. வரைபடத்தில் ஒரு மேடு எதிர்பார்த்த இடத்துக்கு அருகில் எழுந்ததும், எதிர்பார்த்த பெயரை அதன்மேல் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இனி உள்ளூருக்கு வருவோம், குப்பிக்கு.

சந்தேக மரணம் என்றால் பிணவறையில் இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலின் மேற்பகுதியும் ஒரு குப்பியில், ஈரல், சிறுநீரகத்தில் பாதி பாதி இன்னொன்றில், ரத்தம் மூன்றாவதில். உறுப்புகள் கெடாமலிருக்க உப்பு கரையும் வரை கரைத்த நிறைவுக் கரைசல். குப்பியை வாய்வரை நிரப்பக்கூடாது. அழுகல் வாயு வந்தால் வெடிக்கும், மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். பார்மலின் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றக்கூடாது. அது திசுவை இறுக்கி, விஷத்தைப் பிரிக்கவிடாமல் செய்துவிடும். மது சம்பந்தப்பட்டதென்றால் ஸ்பிரிட்டில் போடக்கூடாது. அதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனால் பாடநூல்கள் எழுதத்தான் செய்கின்றன. நான்காவது குப்பி ஒன்று உண்டு. அதில் உறுப்பு எதுவும் இருக்காது, ஊற்றிய அதே உப்புக் கரைசல் மட்டும். கரைசலிலேயே ஏதாவது கலந்திருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க. ‘சும்மா உப்புத்தண்ணிக்கு எதுக்கு ஒரு பாட்டில்’ என்று அதை விட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இந்தக் குப்பிகளுக்குச் சீல் வைத்து, சீலின் மாதிரியையும் கடிதத்தையும் சேர்த்து, ஒரு காவலர் கையில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. பக்கத்தில் உள்ள மண்டலத் தடய அறிவியல் ஆய்வகம் திருநெல்வேலியில். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. தூரத்தைவிட, காவல் நிலைய அலமாரியில் குப்பி இருந்த நாட்கள்தான் கணக்கில் வரும். எலுமிச்சை அளவு உறுப்பு மே மாத வெயிலில் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஸ் தேவையில்லை.

குற்றாலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று தண்ணீரில் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் இறங்கி 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலையில் மழை, அடிவாரத்தில் வெயில். அந்தச் சாவில் கேள்விக்கு இடமில்லை. கேள்வி வருவது வேறு விதமான உடல்களில்: கயத்திலோ சிற்றாற்றிலோ இரண்டு நாள் கழித்துக் கிடைப்பவற்றில். ரத்தத்தில் சாராயம் இருப்பதாக அறிக்கை வருகிறது. ‘குடிச்சிட்டுக் குளிக்கப் போயிருக்காம்’ என்று ஊர் முடித்துவிடும். விபத்துக் காப்பீட்டு நிறுவனமும் முடித்துவிடும். போதையில் நேர்ந்த விபத்துக்குப் பணம் இல்லை என்பது பாலிசியில் வழக்கமான நிபந்தனை.

ஆனால் அழுகும் உடல் தானே சாராயம் காய்ச்சும். குடலிலும் தண்ணீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் ரத்தத்துச் சர்க்கரையை நொதிக்க வைத்து எத்தனாலாக மாற்றும். ஒருநாளும் குடிக்காதவர் உடலிலும், வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி வர முடியும். உயிரோடு இருந்தபோது குடித்ததா, செத்தபின் விளைந்ததா என்று பிரிக்க வழிகள் உள்ளன. கண்ணுக்குள் உள்ள கண்ணாடி நீர் அழுகலுக்குத் தாமதமாகவே ஆட்படும். அதிலும் சிறுநீரிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தோடு சோடியம் புளூரைடு கலந்திருந்தால் குப்பிக்குள் நொதிப்பது நிற்கும். சாதாரணப் புரோப்பனால் கூடவே இருந்தால் அது அழுகலின் கையெழுத்து. இத்தனையும் செய்யாமல் ரத்தத்தில் ஒரு எண்ணை மட்டும் எழுதினால், அந்த எண் சரியாகவே இருந்தாலும் அதிலிருந்து ஊர் எடுக்கும் முடிவு தவறாகப் போகும்.

புளியரைச் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்திலிருந்து வரும் உடல்களும் உண்டு. கூலி வேலைக்குப் போனவர், ஓட்டலில் நின்றவர், ரப்பர் எஸ்டேட்டில் விழுந்தவர். தூரப் பயணம் என்பதால் எம்பாமிங் செய்து அனுப்புவார்கள். எம்பாமிங் திரவத்தில் இருப்பது பார்மால்டிஹைடும் மெத்தனாலும். வீட்டுக்கு வந்தபின் யாருக்காவது சந்தேகம் வந்து மறுபடி அறுத்துப் பார்த்தால், கள்ளச்சாராயத்தால் இறந்தாரா என்ற கேள்விக்கு அந்த உடல் இனி விடை சொல்லாது. சயனைடுக்கும் சொல்லாது. சந்தேகம் ஒரு இம்மியளவு இருந்தாலும் எம்பாமிங்குக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்வது புகையைத் துரத்துவது.

மெத்தனால் என்றதும் கள்ளக்குறிச்சி ஞாபகம் வராமல் போகாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் தொடங்கிய சாவுகள் 65ஐத் தாண்டின. முதல் சாவுகளின்போது சாராயம் காரணமில்லை என்ற மறுப்புதான் நிர்வாகத்தின் பக்கமிருந்து வந்தது. மெத்தனாலை உடல் பார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுக்கும். பார்வை மங்குவதும் மூச்சு வாங்குவதும் பல மணி நேரம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் ‘காரணம் அதுவல்ல’ என்று ஒரு வாய் சொன்னால் எத்தனை பேர் அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பார்கள் என்று எந்த ஆய்வகமும் அளக்க முடியாது. ஓராண்டுக்கு முன் 2023 மேயில் மரக்காணமும் செங்கல்பட்டும் இதே பாடத்தை நடத்தி முடித்திருந்தன.

கேரளத்தின் இரண்டு வழக்குகள் தென்காசிக்காரர் தேநீர்க்கடையில் அலசிய வழக்குகள். கோழிக்கோடு மாவட்டத்துக் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2011இல் இறந்த ஒருவர் உடலில் அப்போதே சயனைடு கிடைத்தது. தற்கொலை என்று கோப்பு மூடப்பட்டது. 2019இல் கைது நடந்தபின் கல்லறைகள் திறக்கப்பட்டன. நான்கு உடல்களின் மிச்சங்களில் சயனைடு தடயம் இல்லை என்று ஐதராபாத் மத்திய ஆய்வகம் 2023இல் சொன்னது. மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தபின் சயனைடு எதிர்பார்க்கக்கூடிய பொருளே அல்ல. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதற்கு மேல் சொல்வதற்கில்லை. கண்டுபிடித்த விஷமே ஒருமுறை கோப்புக்குள் தூங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மற்றது பாறசாலை. கன்னியாகுமரி மாவட்ட எல்லையில், 2022 அக்டோபரில், களைக்கொல்லி கலந்த கஷாயம் குடித்த இளைஞர் பதினொரு நாள் உயிரோடு போராடி இறந்தார். அந்தக் களைக்கொல்லி பாராகுவாட். அது ரத்தத்திலும் சிறுநீரிலும் சில நாட்கள்தான் தங்கும். நுரையீரலைக் கருக்கிவிட்டு அது போய்விடும். முதல் நாள் சிறுநீரில் கொஞ்சம் காரமும் சோடியம் டைதயனைட்டும் சேர்த்தால் நீல நிறம் வரும். விலையோ நேரமோ பெரிதாகத் தேவைப்படாத சோதனை. பதினோராம் நாள் அந்த நீலம் வராது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் கஷாயம் கொடுத்தவருக்கு மரண தண்டனை விதித்தபோது, அதைத் தாங்கி நின்ற சாட்சியத்தில் பெரும்பகுதி குடுவைக்கு வெளியே, தொலைபேசித் தேடல்களிலும் உரையாடல்களிலும் இருந்தது.

இதிலிருந்து வீட்டுக்காரர்களுக்குச் சில சங்கதிகள். ஒருவர் எதையோ குடித்துவிட்டார் என்றால் நம் வீடுகளில் முதலில் நடப்பது வாந்தியைக் கழுவுவது, சட்டையை மாற்றுவது, டம்ளரைத் தேய்ப்பது. மானத்துக்காகச் செய்வது புரிகிறது. ஆனால் வாந்தி படிந்த துணியும் மிச்சம் இருந்த டம்ளரும் பாட்டிலும்தான் மருத்துவர் கேட்கப்போகும் ‘என்ன மருந்து’ என்ற கேள்விக்கு விடை. அவற்றை ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோகலாம். சாணித் தண்ணீர், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது வேண்டாம். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்த பூச்சிமருந்து திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கும். 108ஐ அழைத்துவிட்டு, எய்ம்ஸ் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணையும் கேட்கலாம். மருத்துவமனையில் சேர்த்தவுடன் எடுத்த முதல் ரத்தமும் வயிறு கழுவிய நீரும் சில நாட்களில் குப்பைக்குப் போய்விடும். நோயாளி பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் அதை எடுத்து வையுங்கள் என்று கேட்பது குடும்பத்துக்குச் சங்கடம்தான். கேட்காமல் விட்டால் பிறகு கேட்பதற்கு எதுவும் இருக்காது.

படிக்க வருகிறவர்களுக்கு இடங்கள் உண்டு. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. காந்திநகரில் 2020 முதல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை இத்துறைக் கட்டமைப்புக்கு 2254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் அதை நடைமுறைப்படுத்தலாம். ஆக, வேலை பெருகும். அதே சட்டத்தின் 329ஆம் பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கை, அவர் கூண்டில் ஏறாமலே சான்றாக ஏற்கப்படும். நீதிமன்றம் நினைத்தால் மட்டுமே அவரை அழைக்கும். பெரும்பாலான வழக்குகளில் நீங்கள் எழுதிய தாள் உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் பேசும்.

தொலைக்காட்சித் தொடர்களில் வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் விட்டதும் விஷத்தின் பெயர் திரையில் ஓடுகிறது. உண்மையில் கருவி எதையும் தானாகச் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நூலகத்தில் உள்ளதைத்தான் அடையாளம் காணும். நூலகத்தில் பூச்சிமருந்துகள் நிறைய இருக்கும். மலையின் பச்சிலை எத்தனை இருக்கும் என்பது, யாராவது உட்கார்ந்து அவற்றைச் சேர்த்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. குற்றாலத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு பிள்ளை இந்தத் துறைக்குப் போனால், இலையைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பாட்டியிடம் கற்றதை அங்கே சேர்க்க முடியும். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை.

விசராவோடு போகும் படிவத்தில் இறந்தவரின் அறிகுறிகள் என்ன, எந்த விஷம் சந்தேகிக்கப்படுகிறது என்று இரண்டு கேள்விகள் உண்டு. ஆய்வகத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்தக் குடுவையை எடுக்க வேண்டும் என்று அங்கிருந்துதான் தீர்மானிக்கிறார். இரவு இரண்டு மணிக்குப் பிணவறை வாசலில், அழுகிற உறவினர்களுக்கு நடுவில், பேனாவைத் தேடி எடுத்து அதை நிரப்புகிறவர் பெரும்பாலும் ஒரு ஏட்டு. இரண்டு கேள்விகளுக்கும் அவர் எழுதுவது ஒரே பதில்: ‘தெரியவில்லை.’